மணலில் எழுதிய இறையியலார்

கிறிஸ்தவ மரபு ஞானத்தை இறைவன் அளிக்கும் கொடையாகவே பார்க்கிறது. பெற்றவர் அதைத் தம் உடைமையென்று எண்ணிச் செருக்குற இடமில்லை. நீதிமொழிகளின் 3ஆம் அதிகாரமும், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரமும் தன்னைத்தானே ஞானியாகக் கருதுவதைக் கண்டிக்கின்றன. கிபியோனில் ஞானம் வேண்டிய சாலொமோன், தன்னைச் சிறுபிள்ளை என்று சொல்லிக்கொண்டே வேண்டினான். முதுமையில் அவன் வழி தவறியதையும் அதே வேதாகமம் மறைக்காமல் சொல்கிறது.

அந்தச் சிறுபிள்ளை நிலையை உடம்பாலேயே ஏற்றவர் மறைபணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்க். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, சக மறைபணியாளர் ஹென்ரிக் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் இறையியல் பயின்றவர். தமிழில் அகரம்கூடத் தெரியாது. முதிய வாத்தியார் ஒருவரைத் திண்ணைப் பள்ளியோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்தார். பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அவர்களைப் போலவே பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகினார். வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாததால் எழுத்து வந்ததே தவிர, பொருள் பிடிபடவில்லை. அதற்கு அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரை நாட வேண்டியிருந்தது.

எழுத்தைக் கற்பதைவிட முன்முடிவைக் கைவிடுவது கடினம். தமிழரை நாகரிகமற்றவர் என்றே தாம் எண்ணியிருந்ததாகவும், அவர்களுடைய நூல்களைப் படித்த பிறகே அது பிழையென உணர்ந்ததாகவும் சீகன்பால்க்கே எழுதினார். 1708இல் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். பின்னர் தமிழர்களிடம் எழுத்து மூலம் கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய பதில்களையும் மொழிபெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். ஆனால் இந்தத் தாழ்மை ஓர் எல்லையோடு நின்றுவிட்டது. தமிழரின் அறநெறியை மெச்சியவர், அவர்களுடைய சமயம் தவறு என்ற தம் முடிவை ஒருபோதும் மறு ஆய்வு செய்யவில்லை.

மணலில் தொடங்கியவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் லத்தீன் நூலாக அச்சேறியது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி அனுப்பிய நூலுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. பிற சமயத்தை ஒழிக்கப் போனவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது ஹாலே பேராசிரியர் பிராங்கேயின் வாதம். கையெழுத்துப்படி கிடப்பில் கிடந்தது. வில்ஹெல்ம் ஜெர்மான் 1867இல் அதைச் சென்னையில் பதிப்பித்தபோது, சீகன்பால்க் இறந்து 148 ஆண்டுகள் ஆகியிருந்தன.