தென்னாடு செல்லும் வழியில் சில பேரெலும்புகள்

தில்லியில் வாழும் நம்மவர் கோடை விடுமுறைக்குத் தெற்கே புறப்படுங்கால், வண்டி விந்தியத்தைத் தாண்டி நருமதையைக் கடக்கும். பின்னர்க் கோதாவரியைக் கடக்கும். விழுப்புரம் வழியே திருச்சிக்குச் செல்வோர்க்கு அரியலூரும் வந்து சேரும். சன்னலோரத்தில் அமர்ந்து ஆற்றில் காசு எறிந்து கும்பிடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறது. ஆயின், இம்மூன்று இடங்களை அடுத்த மண்ணிலும் ஒரே குலத்தைச் சேர்ந்த பேருருவ விலங்குகளின் எலும்புகள் கல்லாய்ச் சமைந்து கிடந்தன.

நெடுங்கழுத்து டைனோசார்களே அக்குலம். தில்லி மண்டி ஹவுஸ் அருகே 1978-இல் தோன்றிய தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இவ்வினத்தின் எலும்பு ஒன்று இருந்தது. நம் வீட்டுக் குழந்தைகள் பலர் டைனோசார் என்ற சொல்லை அங்கேதான் கற்றனர். 2016 ஏப்ரல் 26-ஆம் நாள் மூண்ட தீ அவ்வருங்காட்சியகத்தை அழித்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் தாங்கிய பொருள் மனிதன் கைக்கு வந்த பின்னரே ஆபத்துக்கு உள்ளாகிறது என்பது இவ்வரலாறு முழுவதிலும் நாம் காணும் செய்தி.

அமெரிக்க அறிஞர் மார்ஷ் 1878-இல் இக்குலத்துக்குச் 'சாரோப்பாடு' எனப் பெயரிட்டார். கிரேக்கத்தில் அது 'பல்லிப் பாதம்' எனப் பொருள்படும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சற்று நகைப்பை விளைவிக்கிறது. தூணையொத்த அக்கால்களுக்கு 'யானையடி' என்றிருந்தால் எத்துணைப் பொருத்தம்!

ஜபல்பூர்க் கதையை முதலில் கூறுவோம். நாம் கடக்கும் பாலத்துக்குக் கிழக்கே, நருமதையின் மேற்பகுதியில் உள்ளது அந்நகர். தக்கரை ஒடுக்கியவர் என்று நாம் பள்ளியில் படித்த அதே சிலீமன், அங்கே பாரா சிம்லா குன்றில் 1828-இல் சில வால் எலும்புகளைக் கண்டெடுத்தார். டைனோசார் என்னும் சொல்லே அப்போது பிறக்கவில்லை; ரிச்சர்டு ஓவன் அதனைப் படைத்தது 1842-இல். எலும்புகள் கல்கத்தா சேர்ந்தன. 1877-இல் லைடக்கர் அவற்றுக்கு 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' எனப் பெயர் சூட்டினார். பின்னர் அவை எங்கே உள்ளன என்பதே மறந்துபோயிற்று. 2012-இல் மொஹபே முதலிய ஆய்வாளர் கொல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் சேமிப்பிலிருந்தே ஓர் எலும்பை மீண்டும் கண்டனர். தொலைந்த பொருள் வீட்டுப் பரணிலேயே இருந்தது போலாயிற்று!

கோதாவரியின் கதை இதனினும் மகிழ்வூட்டுவது. புள்ளியியல் மேதை மகலநோபிஸ், தம் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தொல்லுயிர் ஆய்வுக்கும் இடம் அளித்து, இலண்டனிலிருந்து பமேலா ராபின்சன் அம்மையாரை அழைத்தார். பிராணஹிதாவும் கோதாவரியும் கூடும் பள்ளத்தாக்கில் 1961-இல் அகழ்ந்தபோது, 1.7 மீட்டருக்கு மேல் நீண்ட தொடையெலும்பு வெளிப்பட்டது. வங்கமொழியில் 'பாரா பா', அதாவது பெரிய கால், என்று அதனை அழைக்கலாயினர். அவ்வாண்டு தாகூரின் நூற்றாண்டு விழா. 1975-இல் ஜெயின், குட்டி, ராய் சௌதுரி, சட்டர்ஜி ஆகியோர் 'பாராபாசாரஸ் தாகூரி' என்ற பெயரை உலகுக்கு அறிவித்தனர். கிரேக்க வாலுக்கு வங்கத் தலையைப் பொருத்திய இப்பெயர் நமக்கு மிகவும் பிடித்தமானது.

சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்விலங்கு, குலம் வளர்ந்த வகையையும் காட்டுகிறது. இவற்றின் முன்னோர் சிறியவை. இரு காலால் நடந்தவை. உடல் பெருக்கப் பெருக்க நான்கு காலும் நிலத்தில் ஊன்றித் தூணாயின. தலை மட்டும் சிறியதாகவே இருந்தது. இவை இலையை மெல்லாமல் விழுங்கியமையால் பெருந்தாடை வேண்டியதில்லை. சிறு தலையைத் தாங்கும் கழுத்து நீளலாம் அன்றோ? நின்ற இடத்திலிருந்தே நெடுந்தொலைவு மேயலாம். பிற்கால வகைகளின் கழுத்தெலும்புகள் பறவை எலும்பு போலக் காற்றறைகள் நிறைந்து எடை குறைந்தவை. பாராபாசாரஸின் முதுகெலும்புகளில் அந்தக் குடைவு தொடக்க நிலையில் காணப்படுகிறது. குறைந்தது ஆறு விலங்குகளுக்கு உரிய ஏறத்தாழ 300 எலும்புகள் கிடைத்தன; மண்டையோடு கிட்டவில்லை. அவற்றால் அமைத்த முழு எலும்புக்கூட்டைக் கொல்கத்தாவில் புள்ளியியல் கழகத்தின் அருங்காட்சியகத்தில் காணலாம். கொல்கத்தாவாழ் தமிழர் காளிகோயிலுக்குச் செல்லும் விருந்தினரை ஒருமுறை இங்கேயும் அழைத்துச் செல்க.

இனி அரியலூர். அதனை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை நிலவியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் விவரித்து, 'பிருகத்காயோசாரஸ் மாட்லியி' என்று பெயரிட்டனர். 'பிருகத்காயம்' பேருடல். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! அர்ஜென்டினா நாட்டின் புகழ்பெற்ற பெருவிலங்குக்கும் அவ்வெலும்பு ஒன்றரை மீட்டர் அளவே. முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்டது. 1995-இல் சட்டர்ஜி இது நெடுங்கழுத்து இனம் என்றார். ஆயினும் எலும்பைப் பார்க்க விரும்பியோருக்குக் காட்ட எலும்பு இல்லை. மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்கும் அம்மண்ணில் எலும்புகள் உள்ளூர நொறுங்கியிருந்தன. சாந்துக் கட்டுக்குள்ளேயே பொடிந்துபோயின. எஞ்சியவை கோட்டுப்படங்களே. அது எலும்பன்று, கல்மரம் என ஐயுற்றோரும் உண்டு. அண்மையிலுள்ள சாத்தனூரில் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்ட 18 மீட்டர் கல்மரத்தை அறிந்தோர் அந்த ஐயத்தைப் பழிக்க மாட்டார்கள்.

2022-இல் அய்யாசாமியும் பால் என்பாரும் அகழ்வுக் காலத்து நிழற்படங்களை வெளியிட்டனர். அதன்பின் ஐயம் பெரிதும் குறைந்தது. 100 டன்னுக்கு மேல் எடையிருக்கும் என்று கணக்கிட்டவர்களும் உளர். நிழற்படத்தைத் தராசில் ஏற்றுவது அரிது. ஆகவே அவ்வெண்ணை நாம் உறுதியாகக் கூறமாட்டோம்.

அதே கல்லமேட்டு மண்ணைப் பின்னர்ச் சலித்து ஆராய்ந்தனர், தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. வி. ஆர். பிரசாத் இடம்பெற்ற குழுவினர். பறவையை ஒத்த சிறு டைனோசார் ஒன்றின் பல்லை 2013-இல் அவர்கள் அறிவித்தனர். விரல்நுனியில் அடங்கும் அப்பல் சிதையாமல் கிடைத்தது.