பேளகொண்டப்பள்ளியின் ஓடுதளம்

நள்ளிரவு 1 மணிக்கு ஓசூரின் மூக்கண்டப்பள்ளியில் உறங்காதிருப்பவர்கள் இரு சாரார். சிப்காட் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டில் நிற்பவர்கள் ஒரு சாரார். விடியற்காலை விமானத்தைப் பிடிப்பதற்காகத் தேவனஹள்ளிக்குப் புறப்படுகிறவர்கள் மற்றொரு சாரார். தெருவில் வாடகைக் கார் வந்து நின்றதும், மகனின் நெற்றியில் திருநீறு இட்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்து, "பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டியா?" என்று மூன்றாம் முறையாகக் கேட்கும் தாயின் குரலை அந்த நேரத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். கார் ஜூஜூவாடி எல்லையைக் கடந்து, அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியில் நின்று, பெங்களூரு மாநகரத்தைத் தென்கோடியிலிருந்து வடகோடிவரை முழுவதும் ஊடறுத்துச் சென்று, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தாண்டிய பின்னரே விமான நிலையத்தின் வாசலை அடையும்.

இத்தனைக்கும், ஓசூரிலிருந்து தளிக்குச் செல்லும் சாலையில், பேளகொண்டப்பள்ளி என்னும் கிராமத்தில், 7,012 அடி நீளமும் 150 அடி அகலமும் கொண்ட ஓடுதளம் ஒன்று முப்பது ஆண்டுகளாக இருந்து வருகிறது. அங்கே விமானங்கள் செய்யப்பட்டிருக்கின்றன, செப்பனிடப்பட்டிருக்கின்றன, பெரிய போயிங், ஏர்பஸ் விமானங்களும் வந்து இறங்கியிருக்கின்றன. ஆனால் பயணச்சீட்டு வாங்கிய ஒரு பிரயாணி வரிசையில் நின்று ஏறிச் செல்லும் நித்திய சேவை மட்டும் அங்கே அமையவில்லை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தால், ஓசூரின் போக்குவரத்துச் சரித்திரம் முழுவதையுமே சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓசூர் என்றால் கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள். பழைய நாளில் இதற்குச் செவிடபாடி என்று பெயர். மலைமேல் எழுந்தருளியிருக்கும் சந்திரசூடேஸ்வரரைச் செவிடநாயனார் என்று போற்றிய காலத்தின் நினைவு அந்தப் பெயரில் தங்கியிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பிரதேசம், ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகளும் கும்பெனியாரின் படைகளும் மாறி மாறிக் கடந்துசென்ற வழியாக இருந்து, 1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு கும்பெனியாரின் ஆட்சிக்கு வந்து சேர்ந்தது. இதன் குளிர்ந்த காற்றையும் பரந்த புல்வெளிகளையும் கண்ட கும்பெனியார், 1824-இல் மத்திகிரியில் இராணுவத்துக்கான குதிரைப் பண்ணை ஒன்றை ஏற்படுத்தினர். அதுவே பிற்காலத்தில் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக மாறி இன்றளவும் நிலைத்திருக்கிறது. குதிரையே அதிவேக வாகனமாயிருந்த யுகத்தில் அந்த வாகனத்தை வளர்த்துக் கொடுத்தது ஓசூர். அதில் ஏறிச் சென்றவர்களோ வேற்றூர்ப் படைவீரர்கள். இந்த வழக்கம் அன்று தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

அடுத்து வந்தது இரயில். அந்நாளைய சேலம் ஜில்லாவின் வறண்ட வடபகுதிக்குப் பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற உத்தேசத்தோடு, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய பாதை இரயில் ஒன்று விடப்பட்டது. இரண்டரை அடி அகலமே உள்ள அந்தத் தண்டவாளம் 1913-இல் ஓசூர்வரை நீண்டது. புகை கக்கிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வரும் அந்தச் சிறு வண்டி, சந்தைக்குப் போகும் குடியானவருக்கும் கச்சேரிக்குப் போகும் வழக்காளிக்கும் ஒரு தலைமுறைக் காலம் துணையாயிருந்தது. பிறகு இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. 1941-இல் அந்தப் பாதை மூடப்பட்டது. மீண்டும் இரயிலின் கூவல் ஒலியைக் கேட்க இவ்வூர், சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் மீட்டர் பாதை வரும்வரை பல்லாண்டுகள் காத்திருந்தது.

1941 என்னும் அந்த ஆண்டை நான் நினைக்கும்போதெல்லாம் இன்னொரு சம்பவமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள், பெங்களூரில், வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் சமஸ்தானத்தின் உதவியோடு 1940 டிசம்பரில் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், முதல் விமானமாகிய ஹார்லோ பயிற்சி விமானம் பூட்டி முடிக்கப்பட்டு ஆகாயத்தில் எழும்பியது அதே ஆண்டில்தான். ஒரே யுத்த காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் விமான யுகம் பிறந்தது. இந்தப் பக்கம் இரயில் யுகம் முடிந்தது. அந்தத் தொழிற்சாலையின் ஓடுதளமே பின்னர் பெங்களூரின் பொது விமான நிலையமாகவும் ஆகி, ஓசூர் மக்களுக்கும் பல்லாண்டுகள் பயன்பட்டது.

வானம் பார்த்த ராகி வயல்களாய்க் கிடந்த மூக்கண்டப்பள்ளியின் முகத்தை மாற்றியது சிப்காட். 1970-களில் தமிழக அரசு இங்கே முதல் கட்டத் தொழிற்பேட்டையை உண்டாக்கியபோது, ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்களின் பிள்ளைகள் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கக் கற்றுக்கொண்டனர். 1980-இல் அசோக் லேலண்டின் லாரிகள் இங்கிருந்து புறப்படத் தொடங்கின. அதே ஆண்டு, இருவர் அமர்ந்து செல்லத்தக்க டிவிஎஸ் 50 என்னும் சிறு வாகனம் ஓசூரிலிருந்து வெளிவந்து, தமிழ்நாட்டின் பால்காரர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் சைக்கிள் மிதிக்கும் சிரமத்திலிருந்து விடுவித்தது. சில ஆண்டுகளில் டைட்டன் கைக்கடிகாரமும் வந்து சேர்ந்தது. மத்திகிரியின் குதிரைக்குப் பிறகு லாரியும் மொபெட்டும். ஊருக்கு வாய்த்த தொழில் மீண்டும் பிறருடைய பயணத்துக்கு வாகனம் செய்து கொடுப்பதாகவே அமைந்தது.

இந்த வரிசையில் கடைசியாக வந்தது விமானம். தனேஜா ஏரோஸ்பேஸ் அண்டு ஏவியேஷன் என்னும் ஸ்தாபனம், இந்தியாவில் தனியார் துறையில் விமானம் செய்யும் முயற்சியாக, 1990-களின் முற்பகுதியில் பேளகொண்டப்பள்ளியில் தொழிற்சாலையையும் ஓடுதளத்தையும் அமைத்தது. இத்தாலிய நாட்டின் பார்த்தெனாவியா நிறுவனத்தின் நுட்பத்தைப் பெற்று, உடலின் மேற்பகுதியில் இறக்கையும் அதில் இரண்டு எஞ்சின்களும் கொண்ட பி-68 சி என்னும் சிறு விமானத்தை 1994-இல் இங்கே பறக்கவிட்டார்கள். பின்னர், பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்னும் இருவர் அமரும் பயிற்சி விமானமும் இதே கூடத்தில் உருவாயிற்று. நம் பறக்கும் கழகங்களில் விமானம் ஓட்டப் பழகிய இளைஞர் பலர் கைப்பிடித்தது, கண்ணாடி இழையும் பசையும் சேர்த்து வார்த்த அந்த வெண்ணிற விமானத்தைத்தான். ராகியும் ரோஜாவும் விளையும் கிராமத்தில் விமானம் விளைந்தது என்பது சாமானியமான செய்தியன்று.

விமானம் செய்யும் வேலையோடு, விமானத்தைப் பராமரிக்கும் வேலையும் பின்னர் அங்கே பெருகியது. ஏர் ஒர்க்ஸ் என்னும் நிறுவனத்தின் கொட்டகைகளுக்குப் பிரயாணிகளைச் சுமந்து களைத்த ஏர்பஸ் 320, போயிங் 737 ரக விமானங்கள் பெரும் பரிசோதனைக்காக வருவது வழக்கமாயிற்று. அத்தகைய பரிசோதனையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால், நாம் நம்பி ஏறும் ஒவ்வொரு விமானத்தின் பின்னும் எத்தனை கைகள் இருக்கின்றன என்பது விளங்கும். ஆசனங்களையும் தரைப் பலகைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணிட்டு அடுக்குவார்கள். உட்கூட்டின் விலா எலும்புகள் போன்ற சட்டங்கள் வெளிப்பட்டதும், கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு தறையாணியின் ஓரத்திலும் தலைமயிர் அளவு விரிசலோ துருவின் கறையோ உண்டா என்று தேடுவார்கள். சரிசெய்த ஒவ்வொரு வேலைக்கும் செய்தவர் ஒருவரும் சரிபார்த்தவர் ஒருவருமாகக் கையெழுத்திடுவார்கள். பல நாள் உழைப்புக்குப் பின் அந்த விமானம் ஓடுதளத்தின் கோடிக்குச் சென்று திரும்பி, வயல்கள் அதிர எழும்பி, நூற்றெண்பது ஆசனங்களும் வெறுமையாக இருக்க, வேறோர் ஊரில் பிரயாணிகளை ஏற்றிக்கொள்வதற்காகப் பறந்து செல்லும்.

அந்த வெறும் ஆசனங்களில் ஓசூர்க்காரர் அமர முடியாமற்போனதற்கு ஓர் உடன்படிக்கை பெருங்காரணம். பெங்களூருக்குப் புதிய விமான நிலையம் கட்டுவதற்காக 2004 ஜூலையில் மத்திய அரசாங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அந்நிலையம் திறக்கப்பட்ட நாளிலிருந்து 25 ஆண்டுகள்வரை, 150 கிலோமீட்டர் வான்தொலைவுக்குள் வேறொரு விமான நிலையத்தைப் பன்னாட்டு நிலையமாக வளர்க்க இடமில்லை என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. மைசூருக்கும் ஹாசனுக்கும் விதிவிலக்குக் கிடைத்தது. எல்லைக்கு இப்பால் இருந்த ஓசூருக்குக் கிடைக்கவில்லை. பெருந்தொகை முதலீடு செய்கிறவர்களுக்கு இத்தகைய பாதுகாப்பு வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் 2008 மே 24-ஆம் தேதி தேவனஹள்ளி நிலையம் திறக்கப்பட்டு, பழைய நிலையத்தில் பிரயாணிச் சேவை நிறுத்தப்பட்டபோது, பெங்களூரின் தென்புறத்தில் இருந்த ஓசூருக்கு விமானம் ஒரே நாளில் இரு மடங்குக்கும் மேல் தூரமாகிவிட்டது. நிபந்தனையின் காலம் 2033-இல்தான் முடிகிறது.

இதன் தொல்லையைப் பிரயாணிகளைப் போலவே உணர்ந்தவை ஓசூரின் ரோஜாக்கள். அமுதகொண்டப்பள்ளியில் தமிழக அரசின் பங்கேற்போடு அமைந்த டான்ஃப்ளோரா மலர்ப் பூங்காவிலும் சுற்றுவட்டாரப் பசுமைக்குடில்களிலும், பிப்ரவரி மாதக் காதலர் தினத்துக்காகக் கொய்யப்படும் தாஜ்மகால் போன்ற செந்நிற ரோஜாக்கள், முள் நீக்கி, தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டைப் பெட்டியில் குளிர் மாறாமல் அடைக்கப்படுகின்றன. கொய்த கணத்திலிருந்தே மலருக்கு ஆயுள் குறையத் தொடங்கிவிடுவதால், வண்டி நகரத்தின் நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு நாழிகையும் தோட்டக்காரரின் வருவாயிலிருந்து கழிவதே.

ஓடுதளம் மட்டும் இருந்தால் விமான நிலையம் ஆகிவிடாது என்பதற்கு ஓசூர் சான்று. கட்டடம் மட்டும் இருந்தாலும் ஆகிவிடாது என்பதற்குச் சான்று தேடினால், தார்ப் பாலைவனத்தின் நடுவே நிற்கும் ஜெய்சல்மேருக்குப் போக வேண்டும். 1156-இல் ராவல் ஜெய்சல் கட்டிய பொன்னிறக் கோட்டையும், ஒட்டக வணிகர்களின் மாளிகைகளும், சத்யஜித் ராயின் ‘சோனார் கேல்லா’ திரைப்படத்தால் பெருகிய புகழும் உடைய அந்த ஊரின் விமானத்தளம், 1971 டிசம்பரில் லோங்கேவாலாப் போரின்போது நம் ஹண்டர் போர் விமானங்கள் எழுந்து சென்ற தளமாகும். சுற்றுலாப் பிரயாணிகளுக்காக அங்கே அழகிய முனையம் ஒன்று 2013-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் இறங்குவதற்கு விமானம் இல்லை. பளபளக்கும் கல்தரையில் பாலைமணல் படிய, நான்கு ஆண்டுகள் அது பூட்டியே கிடந்தது. சிறு நகரங்களை வானத்தோடு இணைக்க மத்திய அரசு 2016-இல் வகுத்த உடான் போன்ற முயற்சிகள் சிறு நிலையங்களின்மேல் கவனத்தைத் திருப்பிய பிறகு, 2017-இல்தான் அங்கே விமானங்கள் வரத் தொடங்கின; இன்றும் குளிர்காலத்தை ஒட்டியே அதன் சேவை செழிக்கிறது, வெயில் ஏறியதும் இளைக்கிறது. ஜெய்சல்மேருக்குக் கட்டடமும் அனுமதியும் இருந்தன, ஆண்டு முழுவதும் பயணி இல்லை. ஓசூருக்கு மூன்று ஷிப்டுகளிலும் பயணி இருக்கிறார், அனுமதி இல்லை. இவ்விரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மக்களின் தேவையும் அரசாங்கத்தின் அனுமதியும் ஒரே காலத்தில் கைகோக்கும் இடத்திலேதான் விமான நிலையம் பிறக்கிறது என்ற உண்மை தெளிவாகிறது.

உடான் பட்டியலில் ஓசூரின் பெயரும் இடம்பெற்றது. சேலத்துக்கு 2018 மார்ச்சில் விமானம் வந்தது, ஓசூருக்கு வரவில்லை. பிறகு, 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு மூன்று கோடி பிரயாணிகளைக் கையாளத்தக்க பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். அந்தச் செய்தி வந்த மாலையில் மூக்கண்டப்பள்ளித் தேநீர்க் கடைகளில் வேறு பேச்சே இல்லை. ஆயினும் 2033 வரையுள்ள நிபந்தனையும், இவ்வானத்தில் பாதுகாப்புத் துறைக்கும் பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கும் உள்ள உரிமையும் தீர்க்கப்படாமல், அறிவிப்பு மட்டும் ஓடுதளமாகிவிட முடியாது.

இதனினும் முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறு. தக்காளியும் கோஸும் கொத்தமல்லியும் ஆண்டெல்லாம் விளையும் இம்மண்ணில் 2,000 ஏக்கர் என்பது பல நூறு குடும்பங்களின் அடுப்பு. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவர்களின் வாரிசுகளில், அதே சிப்காட்டின் வாயிலில் காவலாளியாக நிற்பவர்களை நான் அறிவேன். குதிரை வளர்த்த காலம் முதல் இன்றுவரை இவ்வூரின் பாதைகளை வகுத்ததும் மூடியதும் வேறிடத்தில் அமர்ந்திருந்தவர்களே. இனி வரும் விமான நிலையமேனும், நிலம் இழப்பவரை முதலில் அழைத்து உட்காரவைத்துப் பேசி, அவருக்கு நியாயமான விலையும் அவர் பிள்ளைக்கு நிலையான வேலையும் எழுத்தில் தந்த பிறகு எழும்புமாயின், அது 1941-இல் மூடப்பட்ட அந்தச் சிற்றிரயிலைப்போல் அற்பாயுளில் மறையாமல், இந்த ஊருக்கு உரிய சொத்தாக நிலைக்கும்.

அதுவரையில் மூக்கண்டப்பள்ளியின் இரவு மாறப்போவதில்லை. மகனை வழியனுப்பிய தாய், வாசற்கதவைச் சாத்தாமல், கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். "ஏறி உட்கார்ந்துட்டேன்மா" என்று அவன் சொல்லும் வேளையில் கிழக்கு வெளுத்திருக்கும். காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் தொழிற்சாலைப் பேருந்துகள் தெருமுனையில் ஒவ்வொன்றாக வந்து நிற்கத் தொடங்கியிருக்கும்.