டச்சுக்காரர் கட்டாத டச்சு அரண்மனை

ஊரிலிருந்து உறவினர் வந்தால் கொச்சித் தமிழராகிய நாம் அவர்களைத் தவறாது அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று மட்டாஞ்சேரி. மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளைக் கடந்து, யூதர் தெருவுக்குள் நுழையுமுன், ஓடு வேய்ந்த இரண்டடுக்குக் கட்டடம் ஒன்றைச் சுட்டிக்காட்டி, “இதுதான் டச்சு அரண்மனை” என்று பெருமையுடன் கூறுகிறோம். நாமும் பல்லாண்டுகளாக அவ்வாறே கூறி வந்தோம். ஒருமுறை கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மைத்துனர் மகன், “டச்சுக்காரர் அரண்மனை நடுவிலே பகவதி கோயில் எப்படி மாமா?” என்று கேட்டான். அப்போது நமக்கு விடை தெரியவில்லை. அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து, பழைய முசிறியின் பக்கத்துக் கழிமுகம் தூர்ந்து, கொச்சியில் புதிய துறை திறந்தது என்பது மரபு. சங்கப் புலவர் அறிந்த வணிகம் இவ்வாறு தெற்கே இடம்பெயர்ந்தது. 1500-இல் போர்த்துக்கீசியர் இங்கு வந்தனர். 1503-இல் கோட்டை எழுப்பினர். கோழிக்கோட்டுச் சாமூதிரியைக் கண்டு அஞ்சிய கொச்சி மன்னருக்கு அவர்கள் துணையாயினர். அத்துணையே பின்னர்ச் சுமையும் ஆயிற்று. அருகிலிருந்த கோயிலொன்றை அவர்கள் கொள்ளையிட்டனர் என்றும், நொந்திருந்த மன்னரை ஆற்றுவிக்கவே அரண்மனை கட்டித் தந்தனர் என்றும் சொல்வர். ஏறத்தாழ 1555-இல் அதைப் பெற்றவர் வீரகேரளவர்மர். ஆகவே கட்டுவித்தவர் போர்த்துக்கீசியர். வாழ்ந்தவர் கொச்சி அரசர்.

டச்சுக்காரருக்கு இதில் என்ன பங்கு? 1662-இல் அவர்கள் தொடுத்த போர் இவ்வரண்மனைக்குள்ளேயே புகுந்தது. ராணி கங்காதர லட்சுமி சிறைப்பட்டார். 1663 சனவரியில் கொச்சிக் கோட்டை வீழ்ந்தது. அதன்பின் அவர்கள் அரண்மனையைப் பழுதுபார்த்தனர். சில பகுதிகளைச் சேர்த்தனர். அவ்வளவே. வீட்டைப் பழுதுபார்த்த கொத்தனார் பெயரில் வீட்டை அழைப்பது போன்றது இந்த வழக்கு! டச்சுக்காரர் தாமே கட்டிய மாளிகையைக் காண விரும்புவோர் 1744-இல் எழுந்த போல்காட்டி அரண்மனைக்குச் செல்லலாம்.

வெளியிலிருந்து நோக்கினால் தடித்த சுவர்களும் வளைவு வாயில்களும் ஐரோப்பியச் சாயலைக் காட்டுகின்றன. உள்ளே சென்றாலோ நாலுகெட்டு! நாற்புறமும் நீண்ட கூடங்கள். நடுவே திறந்த முற்றம். முற்றத்தில் அரச குலத்தின் காவல் தெய்வமாகிய பழையன்னூர் பகவதி. நம் தஞ்சைப் பக்கத்து வீடுகளில் ‘இரண்டாங்கட்டு’, ‘மூன்றாங்கட்டு’ என்று சொல்கிறோமே, அந்தக் ‘கட்டு’தான் இங்கே ‘கெட்டு’. மைத்துனர் மகனுக்கு விடை இதுவே: டச்சுக்காரர் வீட்டுக்குள் கோயில் வரவில்லை, கோயிலைச் சுற்றியிருந்த அரசர் வீட்டின்மேல் டச்சுக்காரர் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

முடிசூட்டு மண்டபத்துக்குச் செல்வோர் ஓவியங்களைத் தேடி விரைவதற்கு முன் ஒரு கணம் நின்று தலையை நிமிர்த்துதல் வேண்டும். அங்குள்ள மரவிதானம் தச்சுக்கலையின் செல்வம். உணவுக்கூடத்து விதானத்திலோ வரிசை வரிசையாகப் பித்தளைக் கிண்ணங்கள் பதித்துள்ளனர். தரை கரும்பளிங்கு போல் மின்னும், ஆனால் பளிங்கன்று. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, செடிகொடிகளின் சாறு, முட்டை வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து இழைத்த தரை அது.

கேரளத் தச்சர் வீடு கட்டும் முறை அறியத்தக்கது. அவர்தம் கோல் 24 விரல் கொண்டது; ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். முதலில் வீட்டின் சுற்றளவை நிச்சயித்து, அதிலிருந்து ஏனைய அளவுகளைப் பிரித்தெடுப்பர். சுவரின் தலையில் உத்திரம் படுக்கும். முகட்டிலிருந்து உத்திரத்துக்குக் கைமரங்கள் சரிந்து இறங்கும். அவற்றை இங்கே ‘கழுக்கோல்’ என்பர். கைமரந்தோறும் துளையிட்டு, அத்துளைகளின் வழியே ‘வளை’ என்னும் சட்டத்தைக் கோத்து விடுவர். மாலையில் நூல் ஓடுவது போல அது எல்லாவற்றையும் பிணைத்து நிற்கும். ஆணிக்குப் பதில் மரமுளை. இத்தகைய கூரையில் ஒரு கைமரம் உளுத்தால் அதை மட்டும் உருவி வேறொன்று செருகலாம். கூரை முழுவதையும் இடிக்க வேண்டுவதில்லை. இடவப்பாதி மழை ஆண்டுதோறும் அறையும் நாட்டில், மாற்றுவதற்கு இடம் வைத்துக் கட்டியவனே அறிவாளி. அன்று பொருத்திய மரம் எது, பின்னர்ச் செருகிய மரம் எது என்று அறிஞர் வழக்காடலாம். நமக்கோ செருகிய கையும் கட்டிய கையும் ஒரே தொழில்வழி வந்தவையாகவே தோன்றுகின்றன.

சுவரோவியங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அரசரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் முழுவதும் விரிகிறது. தசரதன் வேள்வியில் தொடங்கி இராமன் அயோத்தி மீள்வது வரை. இவை பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர். கீழ்த்தளத்து அறைகளில் உள்ளவை பிற்காலத்தவை. அங்கே கோவர்த்தன மலையைத் தாங்கும் கண்ணனைக் காணலாம். ஓவியங்களுள் கோட்டளவில் நின்று வண்ணம் ஏறாதனவும் உண்டு.

1951-இல் இவ்வரண்மனை மத்திய அரசின் பாதுகாப்புக்கு வந்தது. நன்று. ஆனால் அதைச் சூழ்ந்த தெருக்களின் எளிய மரவீடுகளைக் காப்பார் யார்? நாம் 11 ஆண்டுகள் வாடகைக்கு இருந்த மாடிவீடும் அத்தகையதே. நம் இரு மக்களும் அக்கூரையின் கீழ்த்தான் பிறந்தனர். உரிமையாளர் கான்கிரீட் கட்டடம் எழுப்ப எண்ணினார்; மூன்று மாத அவகாசத்தில் நாம் வெளியேறினோம். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஒழுகும் கூரைக்கு ஆண்டுதோறும் செலவிட்டவர் அவர்.

கூரை பிரித்த நாளில் அலுவலகத்துக்கு விடுப்பெழுதிவிட்டுச் சென்று பார்த்தோம். கைமரங்கள் முற்றத்தில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் உளியால் வெட்டிய கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று என. இவை எதற்கு என்று ஆட்களுடன் வந்த முதிய தச்சரைக் கேட்டோம்.

“பிரிச்சு எடுத்தா, திரும்ப அதே மாதிரி கோக்கத்தான்” என்றார் அவர். பழைய மரம் வாங்கும் வணிகரின் லாரி அதற்குள் வாசலில் வந்து நின்றது. ஏற்றியவர்கள் எண்வரிசை பார்த்து ஏற்றவில்லை.