துத்தம் முதல் சன்ஸ்கிறீன் வரை: டியூப்பின் பின்பக்கத்தில் உள்ள வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒருவராவது கடைசி வரை வாசியுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்த நாட்கள். நன்றாக ஓடக்கூடிய தரம் 9 பிள்ளை ஒன்று திடீரென்று மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டது. விசாரித்தால், "வெயில்ல கறுத்துப் போவன் சேர்" என்றது. இரண்டு கிழமை கழித்து முகமெல்லாம் சிவந்து, தோல் உரிந்து வந்து நின்றது. அதன் உம்மா ஒரு பையில் இரண்டு சாமான் கொண்டு வந்தார். ஒன்று பெயரும் விபரமும் இல்லாத சின்ன டப்பா, வெள்ளையாக்கும் கிறீமாம். மற்றது ஒரு சன்ஸ்கிறீன் டியூப். "இதுல என்ன எழுதியிருக்கு என்று பார்த்துச் சொல்லுங்க சேர்" என்றார்.

நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். டியூப்பின் பின்பக்கத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒன்றும் விளங்கவில்லை. டொக்டரிடம் அனுப்பிவிட்டு, அன்றிரவு அந்தப் பெயர்களைத் தேடத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருந்தது. அதில் சில நம் வீட்டுக்குள்ளேயே இருந்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய பெயர். ஒவ்வாமைத் தோலுக்குப் பாதுகாப்பானது என்று இன்று அதிகம் சொல்லப்படுவது சிங்க் ஒக்சைட். பாடப் புத்தகத்தில் நாக ஒட்சைட்டு என்று படிப்பிக்கிறோமே, அதே வெள்ளைத் தூள்தான். இது நேற்று வந்த பொருள் அல்ல. அறபு, பாரசீக மருத்துவ நூல்களில் இதற்குப் பெயர் தூத்தியா. இப்னு ஸீனா 1025 அளவில் முடித்த மருத்துவப் பெருநூலில் இது கண் மருந்தாக வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் கிர்மான் பக்கம் போன மார்க்கோ போலோ, இதைச் செய்யும் விதத்தையும் சொல்லியிருக்கிறார். ஒருவகை மண்ணை உலையில் இட்டு எரிப்பார்கள். மேலே வைத்த இரும்புக் கம்பித் தட்டில் புகை படியும். அந்தப் படிவுதான் தூத்தியா. இன்றும் நாகத்தை ஆவியாக்கிக் காற்றில் எரித்துத்தான் பெருமளவு சிங்க் ஒக்சைட் எடுக்கிறார்கள்.

நம் தமிழில் உள்ள துத்தம், துத்தநாகம் என்ற சொற்கள் இந்தத் தூத்தியாவின் உறவுக்காரர்கள். கடல் வணிகத்தில் போர்த்துக்கேயரும் இதே சொல்லைத் தங்கள் வாயில் திரித்துக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: துத்தம் என்ற பெயரில் பல உப்புகள் உண்டு. மயில்துத்தம் என்பது செப்புச் சல்பேற்று, நச்சு. பெயர் ஒன்றாக இருக்கிறது என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கி முகத்தில் பூசிவிட வேண்டாம்.

இந்த நாகத்தை நீங்கள் ஏற்கனவே பூசியிருக்கிறீர்கள். கொப்பளிப்பான் வந்தபோது உம்மா பூசிய இளஞ்சிவப்புக் கலமைன் லோஷன் நாகச் சேர்வைதான். அந்த இளஞ்சிவப்பு வருவது கொஞ்சம் இரும்பு ஒட்சைட்டால். குழந்தையின் துடைப் புண்ணுக்குப் பூசும் வெள்ளைக் கிறீமிலும் இதுவே. கிரிக்கெட் பார்த்தவர்களுக்குத் தென்னாபிரிக்காவின் அலன் டொனால்ட் கன்னத்தில் வெள்ளை பூசிக்கொண்டு பந்து வீச ஓடி வந்தது ஞாபகம் இருக்கும். அதுவும் சிங்க் தான்.

ஆனால் வெயிலில் எது தோலைச் சுடுகிறது என்று கண்டுபிடிக்கவே நெடுங்காலம் ஆனது. சூடுதான் சுடுகிறது என்று நினைத்திருந்தார்கள். 1801 இல் ஜெர்மனியின் ரிட்டர் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1820 இல் இங்கிலாந்தின் சத்திர சிகிச்சை வைத்தியர் எவரார்ட் ஹோம் ஒரு எளிய சோதனை செய்தார். இரு கைகளையும் வெயிலில் வைத்து, ஒன்றை மட்டும் கறுப்புத் துணியால் மூடினார். மூடிய கையில் சூடு அதிகம். ஆனால் அது வெந்து சிவக்கவில்லை. திறந்த கைதான் சிவந்தது. கறுப்புத் தோல் வெயிலுக்கு எதிரான காவல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1889 இல் சுவீடனின் கண் வைத்தியர் விட்மார்க், தோலைச் சுடுவது சூடல்ல, புறஊதாக் கதிர்தான் என்று நிறுவினார்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். நாம் வெட்கப்படும் அந்த நிறம் அல்லாஹ் தந்த குடை. மட்டக்களப்பு நிற்பது வட அகலாங்கு ஏழரைப் பாகைக்குச் சற்று மேலே. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. வாவியில் தோணி தள்ளுகிறவரும், வட்டையில் வேளாண்மை வெட்டுகிறவரும் அந்த வெயிலில் நின்று பிழைக்க அந்த நிறமும் ஒரு காரணம். ஆனால் அது முழுக் காவல் அல்ல. நம் தோலும் வேகும், மங்கு விழும். அதனால்தான் சன்ஸ்கிறீன் நமக்கும் பயன்படுகிறது. வெள்ளையாவதற்காக அல்ல.

இனி டியூப்பின் கதை. 1928 இல் அமெரிக்காவில் பென்சைல் சலிசிலேற் கலந்த களிம்பு விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பசுபிக் கடலில் அகப்பட்ட விமானிகளுக்கு, மிருக வைத்தியத்தில் பாவிக்கும் சிவப்பு வாசலினைக் கொடுத்தார்கள். பிசுபிசுப்பு, சிவப்பு, ஆனாலும் வேலை செய்தது. ஆல்ப்ஸ் மலையில் ஏறி முகம் வெந்த ஒஸ்திரிய மாணவர் பிரான்ஸ் கிரைட்டர் 1946 இல் ஒரு கிறீம் கொண்டுவந்தார். எஸ்.பி.எஃப். என்ற எண் பரவியதும் அவரால்தான்.

பிறகு பாபா என்ற இரசாயனத்தின் காலம். 1943 இல் காப்புரிமை பெற்ற அது, 1970களில் எங்கும் இருந்தது. ஆனால் பூசியவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் வந்தன, உடுப்பும் மஞ்சளானது. முறைப்பாடுகள் குவிந்தன. 1980களில் டியூப்புகளில் 'பாபா இல்லை' என்று பெரிய எழுத்தில் போடத் தொடங்கினார்கள். ஒரு பொருள் இல்லை என்பதே விளம்பரமானது.

பாபா போன இடங்களில் ஒக்சிபென்சோன் அதிகம் வந்தது. அதுவும் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது சேர்ந்த பென்சோபீனோன் குடும்பத்தை, அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2014 ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பவளப் பாறைகளுக்கும் கேடு என்ற கவலையில், 2018 இல் ஹவாய் மாநிலம் ஒக்சிபென்சோனும் ஒக்டினொக்சேற்றும் உள்ள சன்ஸ்கிறீன் விற்பனைக்குத் தடைச் சட்டம் இயற்றியது. 2021 இல் அது நடைமுறைக்கு வந்தது. பாசிக்குடாவில் பவளப் பாறை வைத்திருக்கும் நாமும் இதை யோசிக்க வேண்டியவர்கள்தான்.

2019 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 16 வெயில் தடுப்புப் பொருட்களைப் பரிசீலித்து ஒரு முன்மொழிவு வைத்தது. இரண்டு பாதுகாப்பானவை: சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டயொக்சைட். இரண்டு வேண்டாம்: அதில் ஒன்று பாபா. மிச்சம் 12 பற்றி இன்னும் தரவு தேவை என்றது. அந்த 12உம் கெட்டவை என்று அர்த்தமில்லை. ஆனால் எளிதில் அலர்ஜி வரும் முகத்துக்கு எங்கிருந்து தொடங்கலாம் என்பது தெரிகிறது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் பழைய தூத்தியாவிடமே வந்து நிற்கிறார்கள்!

இங்கே ஒரு தவறான பேச்சையும் திருத்தவேண்டும். சிங்க் கண்ணாடி போல வெயிலைத் திருப்பி அடிக்கும், மற்றவை மட்டும்தான் உறிஞ்சும் என்பார்கள். உண்மையில் சிங்க்கும் புறஊதாக் கதிரில் பெரும்பகுதியை உறிஞ்சத்தான் செய்கிறது. அது தோலுக்கு நல்லதாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வாமையைத் தூண்டுவது மிக அரிது என்பதே. குறை என்ன என்றால், நம் நிறத்தில் சாம்பல் பூசியது போலத் தெரியும். அதற்காக நிறம் சேர்த்த சன்ஸ்கிறீன்கள் வந்துள்ளன. சேர்ப்பது என்ன? இரும்பு ஒட்சைட்டு. உம்மாவின் கலமைன் போத்தலில் இருந்த அதே இரண்டு பொருளும் மீண்டும் சேர்கின்றன. இரும்பு ஒட்சைட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால் மங்கு உள்ளவர்களுக்கு நல்லது. (ஆனால் கலமைன் லோஷனைச் சன்ஸ்கிறீனுக்குப் பதிலாகப் பூசாதீர்கள். அதன் அளவும் செய்முறையும் அதற்கானதல்ல.)

இனி நம் வீட்டு விஷயம். மருதோன்றியில் நிறம் தரும் பொருளுக்கு லாசோன் என்று பெயர். அது புறஊதாக் கதிரை உறிஞ்சும். 1978 இல் அமெரிக்க நிபுணர் குழு ஏற்ற பட்டியலில், வேறொரு பொருளோடு சேர்த்து, லாசோனும் இருந்தது. 1999 இறுதிப் பட்டியலில் இல்லை. நம் பெருநாள் இலைக்கு இப்படியும் ஒரு வரலாறு!

ஆனால் இன்று கலியாண வீட்டில் வரும் 'கறுப்பு மருதோன்றிக் கோன்' அந்த இலை அல்ல. சுத்தமான மருதோன்றி செம்மஞ்சளாகத் தொடங்கிக் கபிலமாகும், நேரம் எடுக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் கன்னங்கரேல் என்று பிடித்தால், அதில் தலைமயிர்ச் சாயத்துக்குப் பாவிக்கும் பிபிடி என்ற இரசாயனம் இருக்கக்கூடும். அது தோலைப் பழக்கிவிடும். அதாவது, ஒருமுறை கொப்பளித்தால் உடம்பு அதை ஆயுளுக்கும் மறக்காது. பிபிடியும் மேலே சொன்ன பாபாவும் இரசாயன அமைப்பில் நெருங்கிய சொந்தம். ஒன்றுக்கு எதிரியான தோல் மற்றதையும் எதிரியாகப் பார்க்கலாம். ஒரு பெருநாள் கோன், பத்து வருடம் கழித்து ஒரு முகக் கிறீமில் வந்து நிற்கலாம்.

அந்தப் பெயரில்லா டப்பாவும் இப்படித்தான். இத்தகைய கிறீம்களில் இரசம், அல்லது வீரியமான ஸ்டெரொயிட் இருப்பது பல நாடுகளில் பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டெரொயிட் தோலை மெல்லியதாக்கும். பிறகு வெயில், சவர்க்காரம், எதுவும் பிடிக்காது. அந்தப் பிள்ளையைப் பார்த்த டொக்டர் முதலில் அந்த டப்பாவைத்தான் கேட்டாராம். நாம் "என் பிள்ளைக்குச் சென்சிட்டிவ் தோல்" என்கிறோம். சிலருக்குப் பிறப்பிலேயே அப்படி. ஆனால் பலருக்கு அதை நாமே காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

இவ்வளவு வாசித்ததில் நான் படித்தது ஒன்றுதான். சன்ஸ்கிறீனின் வரலாறு, ஒன்றைச் சேர்த்த வரலாறு போலவே ஒன்றை எடுத்துவிட்ட வரலாறும் ஆகும். அரிப்பு வந்தவர்கள் பேசாமல் இருந்திருந்தால் பாபா இன்னும் டியூப்பில் இருந்திருக்கும். ஆகவே டியூப்பைத் திருப்பி வாசியுங்கள்.

வாசிக்கும்போது:

1. வெயில் தடுப்புப் பொருளாகச் சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டயொக்சைட் மட்டும் உள்ளதைத் தேடுங்கள். பட்டியல் குறுகியதாக இருந்தால் நல்லது.

2. பர்ஃபியூம், ஃபிராக்ரன்ஸ் என்று இருந்தால் வேண்டாம். பல நேரம் அலர்ஜி தருவது வாசனைதான். மெதைல்ஐசோதையசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருளும் அப்படியே.

3. எஸ்.பி.எஃப். 30 போதும். அது சுமார் 97 வீதம் தடுக்கும். 50 என்றால் 98. வித்தியாசம் ஒரு வீதம்தான். பூசும் அளவில்தான் விஷயம்: முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம்.

4. புதிதாக வாங்கினால் ஒரு கிழமை முழங்கையின் உட்பக்கத்தில் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

5. லுஹருக்கு வுழூச் செய்தால் கிறீம் கழுவுப்படும். வெளியே போவதென்றால் திரும்பப் பூச வேண்டும். தண்ணீர் ஒட்டாத வகைகள் வுழூவுக்குத் தடையா என்பதை மௌலவிமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் பாடமல்ல.

விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் தெரியும். சரியான அளவில் தினமும் பூசினால் 50 கிராம் டியூப் ஒன்றரை மாதத்துக்கு மேல் வராது. வாங்க முடியாதவர்கள் குறைபட வேண்டாம். எவரார்ட் ஹோமின் கையைக் காத்தது ஒரு துணி. தொப்பி, குடை, மர நிழல் எல்லாம் கிறீமுக்கு முந்தியவை, அலர்ஜியும் தராதவை. பாடசாலைகளிலும் பயிற்சி நேரத்தைக் காலை எட்டு மணிக்கு முன் அல்லது அஸருக்குப் பின் வைக்கலாமே. இதை எங்கள் அதிபரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது முகம் தேறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். போன கிழமை தொப்பி போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தது. "கறுத்துப் போவாய் என்று பயமில்லையா?" என்று கேட்டேன். "ஓடுறதுக்குத்தானே வந்த நான் சேர்" என்றது.

உங்கள் வீட்டிலும் பெயரில்லாத டப்பா இருந்தால் இன்றைக்கே எடுத்து வையுங்கள். நெடுநாள் பூசியிருந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல், டப்பாவோடு தோல் வைத்தியரிடம் போங்கள். ஸ்டெரொயிட்டைத் திடீரென்று விடுவதும் சிலருக்குச் சிக்கல் தரும். நான் வைத்தியர் அல்ல. நான் எழுதியதில் பிழை இருந்தால் நம்மூர் டொக்டர்மாரும் பாமசிக்காரரும் கீழே திருத்துங்கள்.

வஸ்ஸலாம்.