அறுவையும் துன்னமும்

ஆடையைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய சொற்களை ஆராயுங்கால், அதன் வரலாறும் அதனைக் கையாளும் முறையும் ஒருங்கே விளங்குகின்றன. துணிக்கப்படுவது துணி, அறுக்கப்படுவது அறுவை. தறியினின்று அறுத்து எடுக்கப்படுதலே இப்பெயர்கட்குக் காரணமாம். சேலையும் வேட்டியும் கரையும் முன்றானையும் பெற்றுத் தறியிலேயே முற்றுப்பெறுவன. ஆகலின் அவற்றிற்கு ஊசி வேண்டுவதன்று.

இதுகொண்டு, பண்டைத் தமிழர் தையற்றொழில் அறியாதார் என்று கூறுதல் பொருந்தாது. துன்னம் என்பது தையலுக்குரிய பழஞ்சொல். மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை எண்ணும் சிலப்பதிகாரம், துன்னகாரரையும் தோல் தைப்பாரையும் வேறுவேறாகவே கூறுகின்றது. பொருள் வேறுபடவே தொழிலாளரும் வேறுபட்டனர். முல்லைப்பாட்டு, பாசறைக்கண் நின்ற யவனரை மெய்ப்பை அணிந்தவராகக் காட்டுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயிற் பணியாளருள் தையற்காரரையும் மணி தைப்பாரையும் சேர்த்துரைக்கின்றது.

இனி, துணியின் வகைகளைக் கருதுவோம். மதுரை அறுவை வீதியிலே நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த மடிகள் அடுக்கப்பட்டிருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். அதற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், ஆடைவகை 36 எனப் பெயர் தருகின்றார். நூல், மயிர், பட்டு என்னும் இம்மூன்றின் இயல்பினையும் அறியாதவன் கத்தரிக்கோலைத் தொடுதல் தகாது.

பருத்திநூற்றுணி கஞ்சியேற்றி நெய்யப்படுவது; பாவு தறியில் இழுத்துக் கட்டப்பட்டிருப்பது. முதல் நனைப்பிலே கஞ்சி நீங்கி இழைகள் தளர, துணி சுருங்கும். ஆகவே நனைத்து உலர்த்திய பின்னரே அளவெடுத்து வெட்டல் வேண்டும். பாவின் போக்கு உடையின் நீளத்திற்கு அமைதல் நன்று. குறுக்குவாட்டமாக வெட்டினால் துணி இழுபட்டு வடிவு கெடும். பட்டிலோ, பருவூசி குத்திய துளை பிரித்தபின்னும் மாறாது. ஆதலின் நுண்ணிய ஊசியும் பிழைபடாத அளவும் வேண்டும். மயிராடையைக் கொதிநீரிலிட்டுத் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னித் தடித்துச் சுருங்கும். கைத்தறியின் மெல்லிய துணிக்கு ஓரத்தை ஒட்டித் தையலிடின் இழை நழுவும். சற்று அகலமாக விட்டுத் தைப்பதே உறுதி பயக்கும்.

இவ்வறிவு வாங்குவோரிடம் சென்று சேராமையால் நேர்ந்த இடருக்கு ஒரு சான்று உண்டு. 1958ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து அமெரிக்க நாட்டிற்குச் சென்ற கட்டம்போட்ட பருத்தித்துணி, ஆங்குச் சட்டைகளாகத் தைத்து விற்கப்பட்டது. குளிர்ந்த நீரில் தனியே துவைத்தல் வேண்டும் என்னும் குறிப்பு வாங்கினோர்க்கு எட்டவில்லை. சாயம் கரைந்து வழியவே முறையீடுகள் பெருகின. பின்னர், துவைக்குந்தோறும் நிறம் மாறுதலே இத்துணியின் தனிச்சிறப்பு என்று வெளிப்படையாக விளம்பரம் செய்யப்பட்டது, விருப்பமும் பெருகியது. துணி அதுவே, அதன் இயல்பை உரைத்தமையே வேறுபாடு.

அன்பர்களே! கைத்தறித்துணி சுருங்கும், சாயம் விடும், தையல் நில்லாது என்னும் பழிகளை நாம் நாடோறும் கேட்கின்றோம். அவற்றுட் சில நம் குறையே. சாயத்தைச் செவ்வனே ஏற்றாதான் பிறரை நோவதிற் பயனில்லை. ஆயினும் பல, நனையாத துணியை வெட்டியதனாலும், இயல்பறியாது துவைத்ததனாலும் நேர்வன. அப்பழி நெய்தவன் தலைமேலே விழுகின்றது. விழவே அவன் தறியும் ஓய்கின்றது. ஆதலால் ஒவ்வொரு மடியோடும் அதன் நூல் இன்னது, நனைக்கும் முறை இன்னது, தைக்கும் முறை இன்னது என்று சிறு குறிப்பொன்றைத் தமிழில் எழுதி இணைத்தல் நம் கடனாம். நெய்வோன் அறிந்ததைத் தைப்போனும், தைப்போன் அறிந்ததை உடுப்போனும் அறிவராயின், துணியும் நிலைக்கும், தொழிலும் நிலைக்கும்.