பொதுவகையின் வரலாறு

வகைப்படுத்த முற்படும் எவரும் ஓரிடத்தில் இடர்ப்படுவர்: எல்லா வகைக்கும் பொதுவாய் நிற்பதை எங்கே வைப்பது? சி. கணேசையர் 1938இல் தம் குறிப்புகளுடன் பதிப்பித்த சேனாவரையத்தைப் பயின்றோர், தொல்காப்பியம் இதற்கு இரு விடைகள் தருவதை அறிவர். இரு திணைக்கும் பொதுவான பெயர்களைப் பெயரியல் விரவுப்பெயர் என வகுத்தது. சாத்தன் என்பான் மகனாயின் ‘வந்தான்’, எருதாயின் ‘வந்தது’. கிளவியாக்கம் கருதுவது வேறொரு நிலை. தொலைவில் தெரிவது மனிதனோ மரக்கட்டையோ என ஐயுறுவோன், அதனை ‘உருவு’ என்றே சுட்டுதல் வேண்டும். முன்னையது இரண்டும் பொருந்தும் என்பது. பின்னையது இன்னதென இன்னும் தெரியாது என்பது.

கணினி மொழிகளில் இவ்வேறுபாடு தெளிவுபட நெடுங்காலம் சென்றது. எண் நிற்கவேண்டிய இடத்தில் சொல் நிற்கின்றதா எனச் செய்நிரல் இயங்குமுன்னரே ஆராய்வது வகைச் சரிபார்ப்பி. ஆயின் வகை அறியப்படாத தரவும் உண்டு. அதற்கெனப் பொதுவகை ஒன்று வேண்டப்பட்டது.

அதனை எவ்வாறு அமைப்பது? எல்லா வகைக்கும் மேலானதாக மட்டும் வைத்தால், உட்சென்ற எண்ணை மீட்டு எண்ணாகப் பயன்படுத்த இயலாது. கீழானதாகவும் கொண்டாலோ, எண் பொதுவகையாகும், பொதுவகை சொல்லாகும். ஆகவே எண்ணே சொல்லாகிவிடும். பின்னர்ச் சரிபார்க்க யாது உளது? 2006இல் ஜெரமி சீக், வாலிட் தாஹா ஆகிய இருவரும் இம்முடிச்சை அவிழ்த்தனர். பொதுவகையின் உறவை அடக்கமாகக் கொள்ளாது இசைவாகக் கொண்டனர். எண் பொதுவகையோடு இசையும். பொதுவகை சொல்லோடு இசையும். எண் சொல்லோடு இசையாது. நண்பனின் நண்பன் நமக்கும் நண்பனாதல் வேண்டும் என்னும் நியதி இல்லையன்றோ!

2012இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்ட் ‘எனி’ என்னும் பொதுவகையை உடையது. பிழைச்செய்தியை அடக்குதற்கு அதனை நாடுவது பலர்க்கு வழக்கமாயிற்று. 2018இல் ‘அன்நோன்’ என்னும் மற்றொன்று சேர்க்கப்பட்டது. அதுவும் எதனையும் ஏற்கும். ஆயின் இன்னதெனச் சோதித்துத் துணியுமளவும் அதனைக் கூட்டவோ பெருக்கவோ விடாது. இஃது ஏறத்தாழ உருவின் நிலை. தொல்காப்பியர் கணினியை முன்னுணர்ந்தார் என இதனாற் கூறுதல் பேதைமை. வகுப்போர்க்கு நேரும் இடர் ஒன்றே என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

வவுனியாக் குளத்தின் நீர்மட்டத்தை அடிக்கணக்கிற் பதியும் செய்நிரல் ஒன்றைக் கொள்வோம். எண்ணுக்குரிய இடத்தில் ஒருவர் ‘நிரம்பியது’ என எழுதிவிடுகின்றார். மாறி ‘எனி’யாயின், அதனோடு ஓரடி கூட்டுமிடத்துச் சரிபார்ப்பி வாளாவிருக்கும், ‘நிரம்பியது1’ என்பதே விடையாக வரும். ‘அன்நோன்’ ஆயின், எண்தானா எனச் சோதிக்கும் வரியொன்றை எழுதிய பின்னரே கூட்டவிடும்.