பேச்சை இழந்தவரின் மனதையும் கவனிப்போம்: பக்கவாதத்துக்குப் பிறகு குடும்பத்தார் செய்ய வேண்டியவை

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாப்பாவைப் பார்க்க உறவினர்கள் வருகிறார்கள். கட்டிலருகே நின்றுகொண்டு, "வாப்பா சாப்பிட்டாங்களா? ஆளைத் தெரியுதா?" என்று மகளிடம் கேட்கிறார்கள். அவருக்கு எல்லாம் கேட்கிறது. பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். நினைத்த வார்த்தை வராமல் வேறு ஏதோ வருகிறது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். நம்மில் பல வீடுகளில் நடப்பது இதுதான்.

அஃபேசியா என்றால் என்ன?

பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கையாளும் பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில் உள்ளன. ரத்தக்குழாய் அடைப்பாலோ ரத்தக் கசிவாலோ அந்தப் பகுதிகள் பாதிக்கப்படும்போது ஏற்படும் மொழிக் குறைபாடுதான் அஃபேசியா. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. சிலருக்குப் புரியும், ஆனால் வார்த்தை வராது. சிலர் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. படிப்பதும் எழுதுவதும்கூடப் பாதிக்கப்படலாம். ஆனால் இது புத்தி மாறாட்டம் அல்ல. அவருடைய நினைவுகள், பாசம், ரோஷம், வெட்கம் எல்லாம் அவரிடமே இருக்கின்றன.

மறைந்திருக்கும் மனச்சோர்வு

பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சாதாரணம். அஃபேசியா உள்ளவர்களுக்கு அதன் ஆபத்து இன்னும் அதிகம். "மனசு சரியில்லை" என்று அவர்களால் சொல்ல முடியாததால் நாம்தான் கவனிக்க வேண்டும். சாப்பாட்டை ஒதுக்குவது, தூக்கம் கெடுவது, பேரப்பிள்ளைகள் வந்தாலும் ஆர்வம் காட்டாதது, பயிற்சிக்கு மறுப்பது, அடிக்கடி அழுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணமில்லாமல் திடீரென அழுவதும் சிரிப்பதும் மூளைப் பாதிப்பாலும் வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. இதை ஈமான் குறைவு என்றோ பிடிவாதம் என்றோ சொல்லி அவரை நோகடிக்காதீர்கள்.

எப்படிப் பேசுவது?

• டிவியை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுங்கள்.
• சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள். காது நன்றாகக் கேட்பவரிடம் கத்த வேண்டாம். குழந்தையிடம் கொஞ்சுவது போலவும் பேச வேண்டாம்.
• "என்ன வேணும்?" என்பதைவிட, "டீ வேணுமா? காப்பி வேணுமா?" என்று பொருளைக் காட்டிக் கேளுங்கள்.
• பதிலுக்குக் காத்திருங்கள். அவசரப்பட்டு வாக்கியத்தை முடித்துவைக்காதீர்கள்.
• சைகை, படம், போட்டோ, காகிதம், பேனா எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள்.
• புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். "எனக்குத்தான் புரியலை வாப்பா, இன்னொரு தடவை காட்டுங்க" என்று சொல்லுங்கள்.

மகளின் நிக்காஹ் பேச்சோ வீட்டுக் கணக்கோ எதுவானாலும் அவர் முன்னிலையில் பேசி, அவர் சம்மதத்தைக் கேளுங்கள். குடும்பத் தலைவராக இருந்தவரை ஒதுக்கிவைப்பது நோயைவிட அதிகமாக வலிக்கும்.

ஓதுவதும் தொழுவதும்

தண்ணீர் என்று கேட்க முடியாத சிலர், ஃபாத்திஹா சூராவைத் தொடங்கிவைத்தால் கூடவே ஓதுவதைப் பார்க்கலாம். பல்லாண்டுகள் மனப்பாடமாகச் சொல்லி வந்த துஆக்கள், எண்கள், கிழமைப் பெயர்கள் போன்றவை சிலருக்குத் தாமாகவே வரும். இதைப் பார்த்து அவர் நடிக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். பயிற்சிக்கு அது உதவலாம். ஓத வராதவர்கள் தொழுகை கூடாதோ என்று கலங்குவார்கள். சக்திக்கு மீறி மார்க்கம் யாரையும் சிரமப்படுத்துவதில்லை. உங்கள் பள்ளி இமாமை வீட்டுக்கு அழைத்து, அவரிடமே நேரில் விளக்கச் சொல்லுங்கள். மனதுக்குப் பெரிய நிம்மதி கிடைக்கும்.

நோய் விசாரிக்கச் செல்வோருக்கு

நோயாளியைச் சந்திப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை. கூட்டமாகப் போகாமல் ஒருவர் இருவராகப் போங்கள். ஸலாமை அவருக்கே சொல்லுங்கள். பேச்சு ஓடாவிட்டால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும். ஜும்ஆவுக்குக் கூட்டிப்போக முடிந்தால் அழைத்துச் செல்லுங்கள். பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக வராமல் போவதுதான் தனிமையை அதிகமாக்குகிறது.

பராமரிப்பவரையும் மறக்க வேண்டாம்

இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் உம்மாவும் மருமகளும் சோர்ந்துபோவார்கள். பிள்ளைகள் முறைவைத்துப் பொறுப்பேற்க வேண்டும். மனநல ஆலோசனைக்கு இந்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம்.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறைந்தாலும், ஆண்டுகள் கழித்தும் பயிற்சியால் பலன் கிடைப்பதுண்டு. ஆகவே பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு துஆ கேட்டார்கள். தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். நம் வீட்டில் பேச முடியாமல் இருப்பவருக்கு அப்படிப்பட்ட துணையாக நாம் இருப்போம். அல்லாஹ் அவர்களுக்குப் பூரண ஷிஃபாவையும் நமக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.